கோடவுன் முனை

செப்டம்பர் 6, 1993. திங்கள்

நெட்வொர்க் இன்று ஓடியது. வேலாயுதம் முதலாளி சர்வர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டு, "ம், தட்டும்மா" என்றார். தட்டினேன். முன் ஆபீசில் நான் அடித்த ஆர்டர், பின்தெருக் கோடவுனில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரையில் போய் நின்றது. அங்கிருந்து ஆள் ஓடிவந்து "வந்துருச்சு" என்று சொன்ன பிறகுதான் முதலாளி நம்பினார்.

சிவகாசியில் பல அச்சகங்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆறு கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோத்து வைத்திருப்பது எங்கள் தெருவில் நாங்கள்தான். அதுவும் காலண்டர் சீசன் மும்முரமாக இருக்கும்போது. ஏதாவது கோளாறு என்றால் பழி என் மேல்தான் விழும். இது வேண்டும் என்று முதலாளியை நச்சரித்தது நான். கேபிள் போட மதுரையிலிருந்து வந்தது என் அண்ணன் இளவரசு. அதனால் நடப்பதை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

கேபிள் என் மேசையில் தொடங்குகிறது. ஆர்ட் செக்‌ஷன், பிளேட் ரூம், மெஷின் ஹாலின் கூரையோரம், பைண்டிங் என்று போய், முற்றத்தைத் தாண்டி கோடவுனில் முடிகிறது. இரண்டு கடைசியிலும் விரல் நுனி அளவில் ஒரு மூடி. அதில் ஒன்றைக் கழற்றினாலும் ஆறு கம்ப்யூட்டரும் ஒரேயடியாக நின்றுவிடும். நடுவே மெஷின் ஹாலில் ஒரு ரிப்பீட்டர் பெட்டி வர வேண்டும். கேபிள் நீளமானால் சிக்னல் தளர்ந்துபோகும். அந்தப் பெட்டி அதை வாங்கித் தெம்பேற்றி மறுபக்கம் அனுப்பும். பெட்டி பம்பாயிலிருந்து வரணும் என்றான் அண்ணன். அதுவரைக்கும் நேராக இணைத்திருக்கிறான். ஓடுகிறது.

கோடவுனில் டிஸ்பாட்ச் பார்ப்பவர் இன்னாசி அண்ணாச்சி. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இங்கே வேலை செய்கிறவர். திரையைப் பார்த்துவிட்டு, "இது சம்பளம் கேக்காது, லீவு கேக்காது. நாளைக்கு எங்கள எங்கிட்டுப் போகச் சொல்வீக தாயி?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வயரிங் வேலையைத் தன் மச்சானின் எலெக்ட்ரிக் கடைக்குத் தரச்சொல்லி முதலாளியிடம் கேட்டவர் அவர்.

செப்டம்பர் 9. வியாழன்

எல்லாம் நன்றாக ஓடுகிறது. அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 14. செவ்வாய்

இன்று நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். கும்பகோணம் நகைக்கடை ஆர்டரைப் பாதி அடித்திருந்தேன். திரை அப்படியே உறைந்துவிட்டது. ஆர்ட் செக்‌ஷனிலிருந்து "மலரு, போச்சு" என்று சத்தம். சர்வரை அணைத்துப் போட்டேன், சரியாயிற்று. ஒரு மணி நேரத்தில் மறுபடியும் நின்றது.

கேபிளைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரைக்கும் நடந்தேன். எங்கும் அறுந்திருக்கவில்லை, நசுங்கியிருக்கவில்லை. கோடவுனில் இன்னாசி அண்ணாச்சி ஒரு கையில் டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தார். இன்னொரு கை மேசைக்குப் பின்னால் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை முன்னால் எடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, பின்னால ஏதும் கழண்டுருக்கா?"

"பேனா விழுந்துருச்சு தாயி."

பேனா மேசை மேல்தான் இருந்தது. எடுத்து வைத்திருக்கலாம். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 16. வியாழன்

நேற்று ஓடியது. நேற்று இன்னாசி அண்ணாச்சி லாரி ஆபீஸ் போய்விட்டார், கோடவுன் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. இன்று காலை அவர் வந்து உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் நின்றது.

மதுரைக்கு போன் போட்டேன். ரிப்பீட்டர் பெட்டி எப்ப வரும் என்று அண்ணனிடம் கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"அது கெடக்கட்டும்" என்றான். "எவனாச்சும் மூடியக் கழட்டி மாட்டுறானான்னு பாரு. கம்ப்யூட்டர் வந்தா தன் வேல போயிரும்னு நெனைக்கிறவன் எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தன் இருப்பான்."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அவனுக்கே தோன்றியிருக்கிறது.

செப்டம்பர் 18. சனி

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், கோடவுன் முனை மூடியிலும் அது மாட்டியிருக்கும் இடத்திலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். மூடியைத் திருகினால் கோடு விலகிவிடும். யாருக்கும் தெரியாது.

பதினொரு மணிவாக்கில் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது.

அப்படியென்றால் அவர் மூடியைத் தொடவில்லை. வேறு ஏதோ செய்கிறார். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் ஊக்கு மாதிரி எதையாவது சொருகி எடுக்கலாம். கேபிளைப் பாதத்தால் மடக்கி மிதிக்கலாம். நகப்பூச்சைப் பார்த்துவிட்டு உஷாராகியிருக்கவும் கூடும். இன்று அவர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

கொய்யாப்பழம் வாங்கினேன், உள்ளே முழுக்கப் புழு.

செப்டம்பர் 21. செவ்வாய்

இன்று இன்னாசி அண்ணாச்சியே முன் ஆபீசுக்கு வந்தார். பொதுவாக அவர் முன்பக்கம் வருவதில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு என் மேசை அருகே நின்றார்.

"தாயி, நான் உக்காந்தாத்தான் இது நிக்குதுன்னு பைண்டிங்ல பேசிக்கிறாக. நெசமா?"

"அப்படியெல்லாம் யாரும் சொல்லலியே அண்ணாச்சி."

"சொல்றாக. நானும் கவனிச்சேன். நான் சரக்கு விவரத்த அடிச்சு அனுப்புற நேரம்தான் நிக்குது. எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது. ஒரு நாளைக்கு என் எடத்துல வேற யாரையாச்சும் உக்கார வச்சுப் பாருங்க. பைண்டிங் புள்ளைக யாராச்சும். நான் லாரி ஆபீஸ் போயிடுறேன்."

"பாக்கலாம் அண்ணாச்சி" என்றேன்.

விவரமான ஆள். தானே முன்வந்து சொன்னால் சந்தேகம் வராது என்று நினைக்கிறார். வேறு ஆளை உட்காரவைத்தால், அன்றைக்கு எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, பார்த்தீர்களா என்பார். அந்த மாதிரி சோதனையில் அர்த்தமே இல்லை. வைக்கப் போவதில்லை.

சாயங்காலம் மறுபடி மதுரைக்குப் பேசினேன். பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அண்ணன் கொஞ்சம் எரிச்சல்பட்டான்.

செப்டம்பர் 25. சனி

மோசமான நாள். கும்பகோணம் நகைக்கடையின் காலண்டர்கள் தேனிக்குப் போய்விட்டன. தேனி ஜவுளிக்கடையின் காலண்டர்கள் கும்பகோணம் போயிருக்கின்றன. நெட்வொர்க் நின்ற நேரத்தில் இரண்டு ஆர்டரின் விலாசமும் குழம்பியிருக்கிறது. நகைக்கடைக்காரர் போனில் பேசியதை முதலாளி அறைக்கு வெளியிலிருந்தே கேட்க முடிந்தது. அவர் கேட்டிருந்த படம் லட்சுமி. போய்ச் சேர்ந்தது தேனி ஜவுளிக்கடை முதலாளியின் தாத்தா படம் போட்ட காலண்டர்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. "எப்ப சரியாகும்?" என்று மட்டும் கேட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

மெஷின் ஹால் வழியாக வரும்போது யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது: "அண்ணன் போட்ட வயரு, தங்கச்சி பாத்த வேல." யார் கிளப்பிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 28. செவ்வாய்

அண்ணன் வந்தான். பையில் மீட்டர், கேபிள் நுனியில் பின்னை வைத்து நசுக்கும் கிரிம்பிங் கருவி எல்லாம். பெட்டி இல்லை.

காலை முழுக்க எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான். முதலாளியும் கூடவே நடந்தார். கடைசியில் கோடவுனுக்குப் போய், இன்னாசி அண்ணாச்சியின் கம்ப்யூட்டரை மட்டும் கேபிளிலிருந்து பிரித்து வைத்தான். "இப்ப எல்லாரும் வேல பாருங்க" என்றான். பார்த்தோம். சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றான் அண்ணன். அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

முதலாளி இன்னாசி அண்ணாச்சியைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் அண்ணனும் அறைக்குள் இருந்தோம்.

"இன்னாசி, ஒனக்கு இங்க என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல மொதலாளி."

"பெறகு ஏன் இப்படிப் பண்ற?"

"நான் ஒண்ணும் பண்ணல. நான் தொட்டா நிக்குதுன்னா தொடாம இருக்கேன். முன்ன மாதிரி கையால எழுதி அனுப்புறேன். கெடுத்தேன்னு மட்டும் சொல்லாதீக."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற? வயர்ல ஏதும் தப்பு இருக்குமா?"

"வயர்ல தப்பு இல்ல மொதலாளி" என்றேன்.

இன்னாசி அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தார். அண்ணன் கிரிம்பிங் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சரி, ஆயுத பூசை முடியிற வரைக்கும் வீட்ல இரு. பெறகு பாப்போம்" என்றார் முதலாளி. பெறகு பாப்போம் என்றால் என்ன என்று எங்கள் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் இரவு பஸ்ஸுக்கு முன் வீட்டில் சாப்பிட்டான். அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருந்தது.

அக்டோபர் 1. வெள்ளி

நிற்கவே இல்லை. நிம்மதி. கோடவுன் விவரத்தை ஒரு ஆள் துண்டுச் சீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறான், நான் இங்கே அடித்துக்கொள்கிறேன். இப்படியே போனாலும் மோசமில்லை.

அக்டோபர் 3. ஞாயிறு

மார்க்கெட்டில் இன்னாசி அண்ணாச்சியின் மனைவி சலேத்மேரி எதிரில் வந்தார். நான் முருங்கைக்காயைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் நின்று, "நல்லாருக்கீகளாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதில் என்ன உள்குத்து இருந்தது என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

அக்டோபர் 8. வெள்ளி

கோடவுனைப் பார்த்துக்கொள்ள முதலாளியின் மூத்த மருமகன் ஆனந்தவேல் வந்திருக்கிறார். கோயம்புத்தூரில் படித்தவர். வந்ததும் முதல் கேள்வி, "இந்த கம்ப்யூட்டர ஏன் கழட்டி வச்சிருக்கீங்க?"

"சீட்டுலயே நல்லா நடக்குது சார்" என்றேன்.

"நெட்வொர்க் போட்டுட்டு சீட்டுல எழுதி அனுப்பவா? திங்கக்கிழமை மாட்டிக் குடுங்க."

இப்போது மாட்ட வேண்டாம், சீசன் முடியட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இன்னாசி அண்ணாச்சிதான் போய்விட்டாரே.

அக்டோபர் 11. திங்கள்

மாட்டிக் கொடுத்தேன். ஆனந்தவேல் உட்கார்ந்து சரக்கு விவரத்தை அடிக்க ஆரம்பித்தார். டீ வருவதற்குள் ஆறு கம்ப்யூட்டரும் நின்றன.

ஆர்ட் செக்‌ஷனில் யாரும் "போச்சு" என்று சத்தம் போடவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முதலாளி அறைவாசல் வரை வந்து நின்றார். "யாரு உக்காந்திருந்தா?" என்று கேட்டார். "உங்க மருமகன்" என்றேன். உள்ளே போய்விட்டார். மருமகனை யாரும் பூசை முடிய வீட்டில் இருக்கச் சொல்லவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "இன்னாசி அந்தக் கம்ப்யூட்டரையே ஏதாச்சும் பண்ணி வச்சிட்டுப் போயிருப்பான்" என்றான். அதுவும் நடக்கக்கூடியதுதான்.

அக்டோபர் 12. செவ்வாய்

என் மேசையில் இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் கோடவுனில் மாட்டச் சொன்னேன். தினமும் நான் மட்டுமே தொடுவது அது. நானே உட்கார்ந்து அடித்தேன்.

நின்றது.

கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். காலண்டர்க் கட்டுகளின் மை வாசனை. எதிரே சுவரில் இன்னாசி அண்ணாச்சி ஆணியில் மாட்டிவிட்டுப்போன துண்டு.

அக்டோபர் 17. ஞாயிறு

மத்தியானம் மெஷின் எல்லாம் ஓய்ந்த நேரத்தில், பைண்டிங்கிலிருந்து துணி டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு கேபிளை அளந்தேன். சுவரோரம் ஏணி போட்டு ஏறி இறங்கினேன். ஒவ்வொரு மேசைக்கும் அது இறங்கி மறுபடி கூரைக்கு ஏறுவதை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நான் எடுத்தேன்.

இருநூற்று நாற்பத்தேழு மீட்டர்.

இந்தக் கேபிளை ஒரே ஓட்டமாக நூற்று எண்பத்தைந்து மீட்டர் வரைக்கும்தான் போடலாம். நான் படித்த படிப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது இது. ஒரே கேபிளில் ஆறு பேரும் பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுவிட்டு அடங்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றாகப் பேசிவிட்டால் அது தெரிந்து, இருவரும் நிறுத்திவிட்டு மறுபடி பேச வேண்டும். நீளம் மிஞ்சினால் இந்தக் கடைசியின் குரல் அந்தக் கடைசிக்குப் போகும்போது தேய்ந்துவிடும். அங்கே இருப்பவர் பேசுவது இங்கே இருப்பவருக்குச் சரியாகக் கேட்காது. இருவரும் பேசிக்கொண்டே போவார்கள், எல்லாம் குழம்பிப்போகும். பைண்டிங் வரைக்கும் தூரம் சரியாக இருந்தது. அதைத் தாண்டிக் கோடவுனில் யார் உட்கார்ந்தாலும் நிற்கும். இன்னாசி அண்ணாச்சி செய்த குற்றம், கடைசியில் உட்கார்ந்திருந்தது.

டேப்பைச் சுருட்டி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 18. திங்கள்

லீவு சொல்லிவிட்டு மதுரை போனேன். அண்ணன் கடையில் இருந்தான். யாருக்கோ கீபோர்டு பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தான். காபி வரவழைத்தான்.

"அளந்தேன்" என்றேன்.

"எதை?"

"இருநூத்தி நாப்பத்தேழு."

அவன் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "புஸ்தகத்துல நூத்தியெண்பத்தஞ்சுன்னு போட்டுருக்கான். வயருக்குப் படிக்கத் தெரியுமா? திருமங்கலத்துல எரநூத்திப்பத்து போட்டு இன்னைக்கும் ஓடுது."

"பெட்டிக்கு ஆர்டர் குடுத்தியா இல்லியா?"

"குடுக்கணும்."

"அன்னைக்கு கோடவுன் கம்ப்யூட்டரக் கழட்டுனியே. அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்னா என்ன செய்வ?"

அவனே தொடர்ந்தான். "நான் தப்பாப் போட்டேன்னு அங்க எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்றியா? மதுரையில பெறகு ஒருத்தன் என்னக் கூப்புடுவானா? அந்த ஆளுக்கு என்ன, சிவகாசியில வேற வேலையா கெடைக்காது? பெட்டிய வாங்கி சத்தமில்லாம மாட்டிட்டா முடிஞ்சுது."

"அவருக்குப் பேரு போச்சே அண்ணே."

"ஒன்னையப் படிக்க வச்சது யாரு மலரு?"

அப்பா இறந்த வருஷம் அவன் தன் படிப்பை நிறுத்திவிட்டு ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எனக்கு மறக்கவில்லை. அதைச் சொன்னதும் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 20. புதன்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேபிளின் நீளம், பெட்டி, அண்ணன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெட்டி மாட்டுனா சரியாயிருமா?"

"ஆயிரும். நானே மெட்ராஸ்ல விசாரிச்சு வரவழைக்கிறேன்."

"அப்ப செய்."

"இன்னாசி அண்ணாச்சி?"

"அவன் வந்தா வரட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்தக் கதையெல்லாம் வெளிய போக வேண்டாம். நான் ஒருத்தன அனுப்பிட்டு, தப்பா அனுப்பிட்டேன்னு சொன்னா, நாளைக்கு நான் எவனச் சொன்னாலும் கேக்கமாட்டான்."

"அவருகிட்டயாச்சும் சொல்லணும் மொதலாளி. எல்லார்கிட்டயும் சொன்னாலும் நல்லது."

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அக்டோபர் 22. வெள்ளி

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இன்னாசி அண்ணாச்சி வீடு. போவதற்கு முன் இரண்டு தடவை தெருமுனைக் கடையில் எதையோ வாங்குவதுபோல் நின்றேன்.

சலேத்மேரி கதவைத் திறந்தார். "அவுக இப்பத்தான் வந்தாக" என்று ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். இன்னாசி அண்ணாச்சி கோடு போட்ட நோட்டுத் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் கட்டுப் போடும் வேலைக்குப் போய்வருகிறாராம். கை விரல்களில் சணல் அறுத்த தழும்புகள்.

சொன்னேன். அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன், ஆனால் அதெல்லாம் தேவைப்படவில்லை. "தூரம் கூடிப்போச்சு, வயரால தாங்க முடியல, அங்க யாரு உக்காந்தாலும் நிக்கும்" என்றதும் தலையை ஆட்டினார்.

"ஒங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கே நெனச்சேன். அவரு என்னப் பாக்கவே இல்ல." கொஞ்சம் பொறுத்து, "வேற ஆள உக்கார வச்சுப் பாருங்கன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னேன்ல தாயி?" என்றார்.

"சொன்னீங்க."

"வச்சிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி."

"பெறகு ஏன் வைக்கல?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். உள்ளே சலேத்மேரி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணன் மாட்டிக்குவான்னு பயந்துட்டேன்" என்றேன். இதை நான் இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. எழுதாமல் இருப்பதற்காகவே மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் போலிருக்கிறது.

அவர் விரலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டார். பிறகு, "மொதலாளி என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"நீங்க வரலாம்னாரு. ஆனா இத வெளிய சொல்ல வேண்டாம்னாரு."

"அப்ப நான் வரல."

"நான் சொல்றேன் அண்ணாச்சி. நாளைக்கு ஆயுத பூசை. நீங்களும் வாங்க, உங்கள வச்சுக்கிட்டே சொல்றேன்."

"வேண்டாம் தாயி. நான் இல்லாதப்பதான் என்னையப் பேசுனாக. நான் இல்லாதப்பவே சொல்லுங்க."

அக்டோபர் 23. சனி. ஆயுத பூசை

மெஷின்களுக்கெல்லாம் விபூதிப் பட்டை, மாலை. ஹால் நடுவில் பொரி, கடலை, பழம். சர்வரின் மேலும் ஒரு முழம் கதம்பம் தொங்கியது. பூசை முடிந்து முதலாளி பொரி கொடுக்க உட்கார்ந்தபோது நான் எழுந்தேன்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். கம்ப்யூட்டர் நின்னதுக்கு இன்னாசி அண்ணாச்சி காரணமில்ல. கேபிள் நீளமாப் போயிருச்சு. இருக்கவேண்டியதைவிட ரொம்ப நீளம். எனக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுக்காம இருந்தேன்."

முதலாளி ஒரு தேங்காய் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மெஷின்மேன் ஒருவர் எழுந்து கேட்டார்:

"அப்ப இன்னாசி ஒண்ணுமே பண்ணலியா?"

"ஒண்ணும் பண்ணல."

"சரி" என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அது ஹால் முழுவதும் மெதுவாகப் பரவியது.

"பொரியக் குடுங்கப்பா" என்றார் முதலாளி.

புறப்படும்போது என்னைக் கூப்பிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா."

"கேட்டேன் மொதலாளி."

வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. என்னை விட்டால் பெட்டியை மாட்ட ஆள் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

அக்டோபர் 26. செவ்வாய்

அம்மா துணிகளைப் பையில் அடுக்குகிறாள். தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

"ஊரு முன்னால அண்ணனக் குத்தம் சொல்லிட்டு வந்தியாமே."

"பேரச் சொல்லலம்மா. கேபிள் நீளம்னுதான் சொன்னேன்."

"போட்டது யாருன்னு ஊருக்குத் தெரியாதா?"

தைலப் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

நவம்பர் 4. வியாழன்

மெட்ராஸிலிருந்து பெட்டி வந்தது. மெஷின் ஹாலில் கேபிளை வெட்டி, இரண்டாக்கி, நடுவில் மாட்டினேன். இப்போது ஒவ்வொரு பாதியும் கணக்குக்குள் இருக்கிறது. ஆனந்தவேல் கோடவுனில் காலை முழுக்க அடித்தார். நிற்கவில்லை. மழை வேறு பெய்துகொண்டிருந்தது.

நவம்பர் 8. திங்கள்

இன்னாசி அண்ணாச்சி வந்துவிட்டார். முதலாளி போய்க் கூப்பிட்டாரா, ஆள் அனுப்பினாரா என்று தெரியவில்லை. பைண்டிங் ஆட்கள் கோடவுன் வாசலில் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் போனதும் எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

"வாங்க அண்ணாச்சி."

"வந்துட்டேன் தாயி."

ஆணியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 13. சனி

தீபாவளி. தனியாக இட்லி. மத்தியானம் அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணி எடுத்து, அவர் வெளியே போயிருக்கிறார் என்றார். பின்னால் அவன் இருமுவது கேட்டது.

நவம்பர் 19. வெள்ளி

இன்று நெட்வொர்க் நின்றது. பெட்டி மாட்டிய பிறகு முதல் தடவை.

ஆர்ட் செக்‌ஷனில் "மலரு, போச்சு" என்றார்கள். கேபிளைப் பார்த்துக்கொண்டே வழக்கம்போலப் பின்னால் நடந்தேன். பிளேட் ரூமில் சரி. மெஷின் ஹாலில் பெட்டியின் விளக்கு எரிகிறது. பைண்டிங்கில் சரி. முற்றத்தைத் தாண்டிக் கோடவுனுக்குள் நுழைந்தேன்.

இன்னாசி அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து, கம்ப்யூட்டருக்கு எட்டாத தூரத்தில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நான் வருவதற்கு முன்பே எழுந்திருக்கிறார். இரண்டு கைகளையும் எனக்குத் தெரியும்படி முன்னால் வைத்திருந்தார்.

"ஒக்காருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும் தாயி. நீங்க பாத்து முடிங்க."

"ஒங்களால இல்ல. ஒக்காருங்க."

"பாத்துட்டுச் சொல்லுங்க. பெறகு ஒக்காந்துக்கிறேன்."

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. மழைக்குக் குடை விரிப்பதுபோல் பழக்கமாகச் செய்தார்.

திரும்பி வந்து முன் ஆபீசில் தேடினேன். பழுது என் மேசைக்குக் கீழேதான் இருந்தது. என் நாற்காலியின் கால் கேபிளின் மேல் ஏறி நசுக்கியிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக மாட்டினேன். எல்லாத் திரையிலும் உயிர் வந்தது. ஆர்ட் செக்‌ஷனில் வேலை தொடங்கிய சத்தம் கேட்டது.

கோடவுனுக்கு இன்டர்காம் இருக்கிறது. எடுத்தேன், வைத்துவிட்டேன். மறுபடி மெஷின் ஹால், பைண்டிங், முற்றம் எல்லாவற்றையும் கடந்து நடந்து போனேன். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். என் நாற்காலிதான் காரணம் என்று, பக்கத்தில் கட்டுப் போடுகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.